கரடிக்கு வாங்கிய துவக்கு

தேநீர்க் கோப்பையை வைத்த பிறகுதான், தான் அதைக் கடிதத்தின் மேல் வைத்திருக்கிறோம் என்பது அருட்செல்வத்துக்கு உறைத்தது.

பதறிப்போய்த் தூக்கினான். தாளில் வட்டமாக ஒரு தடம். தடம் போனால் போகட்டும். கீழே தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தபோது தாளின் மூலையில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஒன்று அப்பியிருந்தது. இப்போது அதைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு திட்டு, பின்னாலிருக்கும் மேசை தெரிகிற மாதிரி.

தடயம் போச்சு!

விசா நீட்டிப்புக்கு இன்னும் மூன்று வாரம். வேலைக் கடிதம் தர வேண்டியவள் சிவநாயகி. வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதத்திலேயே தடயத்தை வேக வைத்த உதவியாளனுக்கு அவள் என்ன கடிதம் தருவாள்? தாளை எடுத்து, பனி பூத்திருந்த யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல கணினியைப் பார்க்கத் தொடங்கினான்.

கதவு திறந்தது. சிவநாயகி குடையை உதறிக்கொண்டு வந்தாள். நாற்பத்தாறு வயது. காலையில் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு, மதியத்துக்கு மேல் தனியார் விசாரணை. ஒஸ்லோவின் ஹவுகெட்டோ ஸ்டேசனுக்கு எதிரே, பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையின் கதவிலும் அதே வரிசையில்தான் இரண்டும் எழுதியிருந்தன.

“என்ன தம்பி, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?”

“வெயில் இல்லாத நாட்டுல எல்லார் மூஞ்சியும் இப்படித்தான்க்கா இருக்கும். ஒரு லெட்டர் வந்திருக்கு. ஸ்டாம்ப் இல்ல, பேர் இல்ல.”

“வாசியும்.”

பெரிய பெரிய எழுத்தில், இடது கையால் எழுதியது போலக் கோணலாக மூன்றே வரி.

“‘குலேந்திரனை நாளைக்குப் பிளேன் ஏற விடாதேங்கோ. அவற்ற துவக்கு அங்கை சுடாது. கரடி வந்தால் ஆள் முடிஞ்சுது.’ துவக்குன்னா துப்பாக்கிதானே? எங்க ஊர்ல துவக்கம்னா ஆரம்பம். இங்க அதுவே முடிவு போல.”

சிவநாயகி சிரிக்கவில்லை. குலேந்திரனை அவளுக்குத் தெரியும். பக்கத்து ஹொல்ம்லியாக்காரன். யாழ்ப்பாணத்தில் மோட்டார் திருத்திய கை, இங்கே பதினொரு வருடமாக ஒரு ஹோட்டலில் சட்டி கழுவியது. இப்போதுதான் அந்தக் கைக்கு ஏற்ற வேலை கிடைத்திருந்தது. வடக்கே, துருவத்துக்குப் பக்கத்துத் தீவான ஸ்வால்பார்டில், ஊருக்கு வெளியே இருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் பனி ஸ்கூட்டர் திருத்த ஆறு வாரம். பிடித்துப்போனால் நிரந்தரம். அங்கே ஊர் எல்லையைத் தாண்டுகிறவன் கையில் துவக்கு இருக்க வேண்டும். வெள்ளைக் கரடி முன்னறிவித்தல் தந்துவிட்டு வருவதில்லை.

“தாளைத் தாரும்.”

கொடுத்தான். கொடுக்கும்போது பார்த்தான். அந்தத் திட்டு மறுபடி வெளுத்துக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தான். வேறு வார்த்தைதான் வந்தது.

“போலீசுக்குச் சொல்லிடலாமேக்கா?”

“எழுதின ஆளும் அதைச் செய்திருக்கலாம். பொலிசுக்குப் போட்டால் குலேந்திரன்ர துவக்கு லைசென்ஸும் போகும், வேலையும் போகும், மரியாதையும் போகும். எனக்குப் போட்டிருக்கு. அப்ப, ஆளைத் தடுக்கவும் வேணும், நாறடிக்கவும் கூடாது. இது எதிரி இல்லை.”

“எதிரி இல்லாதவன் எதுக்கு இடது கையால எழுதணும்?”

“அதுதான் கேள்வி. இன்னொண்டு. ‘சுடாது’ எண்டு எழுதேல்லை. ‘அங்கை சுடாது’ எண்டு எழுதியிருக்கு. அப்ப இஞ்சை சுடும். இஞ்சை சுட்டு அங்கை சுடாத துவக்கைப் பற்றி ஒருத்தருக்குத் தெரியுமெண்டால், அப்பிடி ஆக்கினதும் அந்த ஆள்தான்.”

அவள் குலேந்திரனுக்கு அழைத்தாள். ஒலிபெருக்கியில் அவன் சிரிப்பு அறையை நிரப்பியது.

“ஆரோ பகிடி விடுறாங்கள் அக்கா! வெள்ளிக்கிழமை பரீட்சை வைச்சவங்கள். ஐஞ்சு தரம் சுட்டனான், ஐஞ்சும் பட்டது. அது பரமண்ணை தெரிஞ்சு தந்த துவக்கு. அந்தாளைப் போய்க் கேளுங்கோ, ஒரு புத்தகமே சொல்லுவார். நான் மூண்டு மணிக்கு வீட்டை நிப்பன்.”

“துவக்கை ஆர் ஆர் தொட்டது?”

“நானும் பரமண்ணையும். வேற ஆர் தொடுறது?”

*

பரமண்ணையின் கடை இருந்த ஸ்டோவ்னருக்குச் சுரங்க ரயிலில் போகும் வழியெல்லாம் அருட்செல்வம் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். குற்றவாளியின் முகம்.

“அக்கா, மெழுகுக்கு ஞாபக சக்தி உண்டா?”

“என்ன?”

“உருகினா மறுபடி அதே மாதிரி ஆகுமான்னு கேட்டேன்.”

சிவநாயகி அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பரமநாதன் வேலை செய்த வேட்டைச் சாமான் கடை, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒரு கீழ்த்தளத்தில் இருந்தது. சுவர் முழுக்கத் துவக்குகள், சங்கிலி போட்டு. நடுவே ஐம்பத்திரண்டு வயது பரமநாதன், பச்சைச் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக, கொம்புள்ள எதையோ இப்போதுதான் சுட்டுவிட்டு வந்தவர் போல நின்றார். இலையுதிர் காலத்தில் நோர்வேக்காரரோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிற தமிழன் ஒஸ்லோவிலேயே தான் ஒருவன்தான் என்று இரண்டாவது வசனத்திலேயே சொல்லிவிட்டார்.

“குலேந்திரன் முதல் வரேக்கை என்ன கேட்டவன் தெரியுமோ? படத்தில வாற மாதிரி ஒண்டு. தன்பாட்டில படபடவெண்டு சுடவேணுமாம், மேல தொலைநோக்கி வேணுமாம். நான் கேட்டன், தம்பி, நீ கரடியைச் சுடப் போறியோ, கரடிக்குப் படம் காட்டப் போறியோ?”

“தொலைநோக்கி நல்லதுதானே சார்?” என்றான் அருட்செல்வம்.

“நல்லது. எல்க் இருநூறு மீற்றரில நிக்கும். கரடி அப்பிடி நிக்காது. இருபது மீற்றரில, உம்மை நோக்கி ஓடி வரும். அதுக்குள்ளால பார்த்தால் என்ன தெரியும்? வெள்ளை மயிர் தெரியும். தலை எது, வால் எது எண்டு பார்த்து முடியிறதுக்குள்ள நீர் அதின்ர வயித்துக்குள்ள.”

“நான் சிவகாசிக்காரன் சார். எங்க ஊர்த் துப்பாக்கில சுருள் கேப்தான் வெடிக்கும். அதுக்கே கண்ண மூடிக்குவேன்.”

“அப்ப நீர் வீட்டிலயே இரும்.” பரமநாதன் சுவரிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். நீளம் குறைந்தது, மரப்பிடி தேய்ந்தது. “அவனுக்குக் குடுத்ததும் இந்த மாதிரித்தான். பழைய மௌசர். யுத்தத்தில ஜெர்மன்காரன் விட்டிட்டுப் போனது, பேந்து இஞ்சத்தை ஆமி வைச்சிருந்தது. முப்பது பூச்சியம் ஆறு ரவை. அதுக்குக் குறைஞ்ச சைஸ் கரடிக்குக் கடி எறும்பு. ஒவ்வொரு வெடிக்கும் உந்த போல்ட்டைக் கையால இழுத்துத் தள்ளவேணும். மெதுவுதான். ஆனால் குளிரில, கையுறையோட, நடுங்கிற கைக்கு அதுதான் துணை. உள்ளுக்கை சாமான் கூடக்கூட நம்பிக்கை குறையும்.”

“பெரிய கைத்துப்பாக்கி?” என்றான் அருட்செல்வம்.

“இடுப்பில வடிவா இருக்கும். பழக்கமில்லாதவன் கையில அது சத்தம் மட்டும்தான். சத்தம்தான் வேணுமெண்டால் வெளிச்சக் குண்டு இருக்கு, அதையும் குடுத்திருக்கிறன். முதல் அதைக் கரடிக்கு முன்னால போட்டு வெருட்டிப் பார்க்கவேணும். துவக்கு கடைசி. கரடியைச் சுட்டுப்போட்டு வாறவனை அங்கை ஒருத்தரும் வீரன் எண்டு சொல்லமாட்டினம். ஏன் சுட்டனி எண்டு விசாரணைதான் வைப்பினம்.”

இவ்வளவு அக்கறையா? அருட்செல்வத்தின் மூளைக்குள் மணி அடித்தது. அவனுடைய பாட்டியே அவன் மீது இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

சிவநாயகி மெல்லக் கேட்டாள். “நல்ல துவக்கு. இது இஞ்சை சுட்டு, அங்கை சுடாமல் விட வழி இருக்கோ அண்ணை?”

பரமநாதனின் கை நின்றது.

“இருக்கு. ஒண்டே ஒண்டு. எண்ணெய். எல்லாத் துவக்குக்கும் எண்ணெய் மருந்து. அங்கை போற துவக்குக்கு அது நஞ்சு. போல்ட்டுக்குள்ள ஒரு ஊசி இருக்கு. விசையை இழுத்தால் அதுதான் பாய்ஞ்சு போய் ரவைன்ர பின்பக்கம் குத்தும். எண்ணெய் உறைஞ்சால் ஊசி பாயாது, ஊரும். ஊருற ஊசிக்கு ரவை வெடிக்காது. அதாலதான் நானே அவன்ர வீட்டை போய்க் கழட்டி, ஒரு சொட்டில்லாமல் கழுவிப் பூட்டினனான். இரண்டு சனிக்கிழமைக்கு முன்னம்.”

“இதை அவருக்கு விளங்கப்படுத்தினனீங்களோ?”

“சாப்பிடேக்கை வடிவாச் சொன்னனான். ஊசி, எண்ணெய், எல்லாம்.”

“அந்த நேரம் ஆர் ஆர் இருந்தது?”

“நானும் அவனும்தான். வேற ஒருத்தரும் இல்லை.”

சிவநாயகியின் உதடுகள் அசைந்தன. அது அவள் பழக்கம். கேட்ட வசனத்தை மனதுக்குள் நோர்வேஜியனுக்கு மாற்றிப் பார்ப்பாள். முழு உண்மை வழுக்கிக்கொண்டு போகும், குறை உண்மை எங்காவது இடறும் என்பாள். இப்போது அவளுக்கு இடறியது, நெற்றி சுருங்கியதில் தெரிந்தது.

“அண்ணை, அந்த ஸ்வால்பார்ட் வேலைக்கு நீங்களும் விண்ணப்பம் போட்டனீங்களாம்?”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. மேசையில அந்த ஆராய்ச்சிக் கூடத்தின்ர கடித உறை கிடக்கு.”

பரமநாதன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “போட்டனான். முழங்கால் சரியில்லை எண்டு விட்டிட்டாங்கள். அவனுக்குக் கிடைச்சுது. அதுக்கென்ன?”

“குலேந்திரன் போகாட்டில்?”

“அடுத்தது ஆரெண்டு எனக்கென்ன தெரியும்?” குரல் இறங்கியிருந்தது. வெளியே போக அவர்கள் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். ஒரு சின்னப் போத்தலை அருட்செல்வத்தின் கையில் திணித்தார். “அப்பிடி ஏதும் எண்ணெய் இருந்தால் இதாலை கழுவச் சொல்லும்.”

தெருவுக்கு வந்ததும் அருட்செல்வம் மூடியைத் திறந்து மோந்தான். மூக்கு எரிந்தது.

“அக்கா, கேஸ் முடிஞ்சுது. வேலை கிடைக்காத கோபம். கடைசியா போல்ட்டைப் பிரிச்சவரும் அவர்தான். எண்ணெய் விஷயம் தெரிஞ்சவரும் அவர்தான். இப்ப மாற்று மருந்தும் அவர் கையிலிருந்தே வருது. இதை ஊத்தினா துப்பாக்கி மொத்தமா வெடிச்சிடப்போகுது!”

“அப்ப கடிதம் எழுதினது ஆர்?”

“மனசாட்சி உறுத்தி அவரே எழுதியிருப்பார்.”

“இரண்டாவது வசனத்திலயே தன்ர வேட்டைக் கதை சொன்ன மனுசன். பேர் போடாமல் மூண்டு வரியோட நிப்பாட்டுவாரே? நடவும்.”

*

ஹொல்ம்லியாவில் குலேந்திரன் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவன் மனைவி யோகாம்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கரு வளையம். “வாங்கோ” என்று சொல்வதற்குள்ளேயே சமையலறைக்குத் திரும்பிக் கேத்திலைப் போட்டாள்.

வீடு கொதித்தது. யன்னலுக்குக் கீழே சூடாக்கி, அதன்மேல் இரண்டு சோடி காலுறை, ஒரு சின்னத் துண்டு, ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல். கூடத்தின் நடுவே பிரயாணப் பையின் வாயைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான் குலேந்திரன்.

“பரமண்ணை புத்தகம் வாசிச்சவரோ?”

“முழுக்க. துவக்கை ஒருக்கா எடும் தம்பி. ரவை வேண்டாம்.”

இரும்பு அலுமாரி திறந்தது. துவக்கு வந்தது. மரப்பிடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. அருட்செல்வத்தின் கண் விரிந்தது.

“போல்ட்?”

“அதைப் புறம்பா வைச்சிருக்கிறன். துவக்கை ஒருத்தன் எடுத்தாலும் அதில்லாமல் இரும்புக் குழாய்தானே.” சாமித் தட்டின் மேல், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினான். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியால் திறந்தான். “கள்ளன் எங்கை கை வைச்சாலும் இஞ்சை வையான். சாவி முந்தி பெட்டிக்கு மேலயேதான் கிடந்தது. வெள்ளிக்கிழமை பரீட்சை பாசானதோட கழுத்தில போட்டிட்டன். இனி இது என்ர உயிரெல்லோ.”

போல்ட்டைச் செருகினான். வெறும் துவக்கு. விசையை இழுத்தான்.

டக்!

சுத்தியல் விழுந்தது போன்ற சத்தம். சமையலறையில் ஒரு கோப்பை சிணுங்கியது.

“பார்த்தியளே?” என்று சிரித்தான். “எங்கை சுடாது?”

“உங்களிட்டைப் பெரிய பிரீசர் இருக்கோ?”

“என்னத்துக்கு?”

“போல்ட்டுக்கு.”

பிரீசருக்குள் முருங்கைக்காய்ப் பொதிக்கும் கறிவேப்பிலைப் பைக்கும் நடுவே, பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு துவக்குப் பாகம் அரைமணி நேரம் படுத்தது. யோகாம்பாள் தேத்தண்ணி கொண்டு வந்தாள், பிறகு வடை, பிறகு மறுபடி தேத்தண்ணி. கொண்டு வருகிறாள், வைக்கிறாள், போகிறாள். குலேந்திரன் அவளைப் பார்க்காமலே கையை நீட்டினான். கோப்பை அந்தக் கைக்கு வந்து சேர்ந்தது.

சிவநாயகி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை பரீட்சை எங்கை தம்பி வைச்சவை? வெளியிலயோ?”

“இல்லை, சூடாக்கி போட்ட கொட்டில். உள்ளுக்குப் படுத்துக்கொண்டு யன்னலாலை வெளியில சுடுறது.”

“போல்ட்டை எதுக்குள்ள கொண்டு போனனீர்?”

“குளிருக்குப் போடுற யக்கற்றின்ர உள் பைக்குள்ள. நெஞ்சோட.”

சமையலறை வாசலில் ஏதோ நிலத்தில் விழுந்தது. ஒரு கரண்டி.

அரைமணி ஆயிற்று. துணியால் பிடித்து போல்ட்டை எடுத்துச் செருகினார்கள். குலேந்திரன் விசையை இழுத்தான்.

தொப்.

தலையணையில் குத்தியது மாதிரி. அவன் மறுபடி இழுத்துத் தள்ளி மறுபடி அடித்தான். தொப். அவன் முகத்திலிருந்து சிரிப்பு வழிந்து போனது. மோட்டார் திருத்திய கை அல்லவா? ஒரு நிமிடத்துக்குள் போல்ட்டைக் கழற்றி, சுருளையும் ஊசியையும் வெளியே எடுத்துவிட்டான். ஊசியைச் சுற்றி, சுருளின் இடுக்கெல்லாம், வெள்ளையாக, கட்டியாக.

“பரமண்ணை!” என்றான். குரல் உடைந்தது. “அந்தாள்தான் கடைசியாப் பூட்டினது. என்னை அனுப்பிக் கொல்லப் பார்த்திருக்கு!” கைத்தொலைபேசியைத் தேடினான்.

“ஒரு நிமிஷம் சார்!” அருட்செல்வம் எழுந்தே விட்டான். “எனக்குப் புரிஞ்சு போச்சு. இது கொலையே இல்ல. பூஜை! எங்க அப்பா அச்சாபீஸ்ல ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சு எண்ணெய் போடுவாரு. நவராத்திரி முடிஞ்சு பத்து நாள்தான் ஆகுது. பிடில சந்தனம் இருக்கு. பொட்டு வச்ச கை எண்ணெயும் விட்டிருக்கு!”

“பொட்டு வைச்சது நான்,” என்றான் குலேந்திரன். “வெளியில மட்டும்தான். எண்ணெய் நஞ்செண்டு கேட்டுப்போட்டு நான் விடுவனே? எனக்கென்ன விசரோ?”

அருட்செல்வம் உட்கார்ந்தான். நாலு மாதத்தில் அவனுக்குத் தோன்றிய முதல் நல்ல யோசனை அது.

வெள்ளைக் கட்டி சூட்டில் இளகி, ஊசி நுனியில் சொட்டாகத் திரண்டது. தெளிவாக. பின்னாலிருக்கும் விரல் தெரிகிற மாதிரி. அதைப் பார்த்ததும் அருட்செல்வம் மறுபடி எழுந்தான். இனி மறைக்க முடியாது.

“அக்கா... மத்தியானம் ஒரு தப்பு பண்ணிட்டேன். லெட்டர்ல வெள்ளையா ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. டீ கப்பை மேல வச்சேன், உருகிப் போச்சு. ஜன்னல்ல வச்சதும் திரும்ப வெளுத்துச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு.”

சிவநாயகி கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். சூடாக்கிக்குக் கிட்டப் பிடித்தாள். வெள்ளைத் திட்டு கண் முன்னே கண்ணாடியானது. மோந்தாள்.

“உம்மட தலையை ஒருக்கா மணந்து பாரும் தம்பி.”

“தேங்காயெண்ணெய்!”

“ஓம். ஒரு நோர்வேக்காரன் துவக்கைக் கெடுக்க நினைச்சால் இது அவன்ர கனவிலயும் வராது. பரமநாதன்ர கடையில ஆயிரம் எண்ணெய் இருக்கு, அவருக்கும் இது தேவையில்லை. இது ஒஸ்லோவில தமிழ் வீட்டில ஒவ்வொரு நாளும் கல்லாகிப் போறதைப் பார்த்து, தலை வாரி இழுக்கிறதுக்கு முன்னம் போத்தலைச் சூடாக்கியில வைச்சு வைச்சு அலுத்துப் போன ஒரு கை.”

யன்னலுக்குக் கீழே போத்தல் மினுங்கியது. குலேந்திரன் அதைப் பார்த்தான். பிறகு சிவநாயகியைப் பார்த்தான்.

“எங்கட வீட்டிலயோ? அக்கா, எண்ணெய்க் கதை எனக்கும் பரமண்ணைக்கும் மட்டும்தான் தெரியும். சாப்பிடேக்கை நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தனாங்கள். வேற ஒருத்தரும்...”

“அவரும் இதே வசனம்தான் சொன்னவர். அர்த்தம் பிசகாமல்.” சிவநாயகியின் குரல் மிகத் தாழ்வாக வந்தது. “அப்ப அண்டைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது ஆர் தம்பி?”

குலேந்திரன் மெதுவாகத் திரும்பினான். யோகாம்பாள் வாசலில், அந்தக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான்,” என்றாள். “கடிதமும் நான்தான்.”

“நீயோ? என்னைக் கொல்லவோ?”

“போகாமல் விடுவியள் எண்டு செய்தனான்!” கரண்டியால் பிரயாணப் பையைக் காட்டினாள். “பரீட்சை வெளியில, குளிருக்கை எண்டு நினைச்சன். அது சுடாது, நீங்கள் பெயில், வேலை வேண்டாம் எண்டு வீட்டை வருவியள். அவ்வளவுதான். நீங்கள் ஐஞ்சும் பட்டது எண்டு துள்ளிக்கொண்டு வாறியள். அண்டைக்கே துடைச்சுவிடப் பார்த்தன். சாவியைக் கழுத்தில போட்டிட்டியள்.”

“அண்டைக்கு நீ பாயாசம் காய்ச்சினனி.”

“காய்ச்சினன். காய்ச்சிப்போட்டுக் குளியலறைக்குள்ள இருந்து அழுதனான்.”

“வாயைத் திறந்து போகாதேங்கோ எண்டு சொன்னால் என்ன?”

“சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் உந்தப் பையை அடுக்கிக்கொண்டு ம்ம் எண்டியள்.” அவள் துவக்கைப் பார்த்தாள். “எங்கட வீட்டில துவக்கோட வெளிக்கிட்ட ஒருத்தரும் திரும்பி வரேல்லை. என்ர அண்ணையும் வரேல்லை, தம்பியும் வரேல்லை. கரடிக்கெண்டாலும் துவக்கு துவக்குத்தானே.”

குலேந்திரன் ஊசியைக் கையில் வைத்து உருட்டினான். ஐந்து தடவை சுட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கரடிக்கு முன்னால் வெடிக்காமல் போயிருக்கக்கூடிய ஆறாவது தடவையும்.

அருட்செல்வம் பரமநாதனின் போத்தலை மேசையில் வைத்தான். “இது மாற்று மருந்துங்க. வெடிக்காதுன்னு இப்ப நம்புறேன்.”

கழுவியது யோகாம்பாள்தான். குலேந்திரன் சொல்லச் சொல்ல, பழைய சீலைத் துண்டால் சுருளின் ஒவ்வொரு வளையத்தையும் துடைத்தாள். பானையில் ஒட்டியதைத் தேய்க்கிற அதே கவனம். கழுவிக் காயவைத்து, பூட்டி, மறுபடி முருங்கைக்காய்ப் பக்கத்தில் அரைமணி. இந்த அரைமணி நேரமும் குலேந்திரன் கையை நீட்டவில்லை. அவனே எழும்பிப் போய் நாலு பேருக்கும் தேத்தண்ணி போட்டான். சீனி மறந்துவிட்டான். எல்லோரும் குடித்து முடித்தார்கள்.

போல்ட் வெளியே வந்தது. உறைபனி பூத்த இரும்பு. செருகினான். துவக்கை யன்னல் பக்கம் நிலத்தை நோக்கிச் சாய்த்து, அவள் கையில் கொடுத்தான்.

“நீ இழு.”

“எனக்கு ஏலாது.”

“உனக்குச் சத்தம் கேட்டாத்தான் நான் போவன். இல்லாட்டில் டிக்கெற்றைக் கிழிச்சுப்போடுறன், சத்தியமா. சட்டி கழுவ எனக்கு இன்னும் கை இருக்கு.”

யோகாம்பாள் கண்ணை இறுக மூடினாள். கேப் துப்பாக்கி பிடித்த நாளில் தானும் இப்படித்தான் மூடினோம் என்று அருட்செல்வத்துக்குத் தோன்றியது.

டக்!

அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தாள். துவக்கை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். சூடாக்கியின் மேலிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, துண்டால் சுற்றி, பிரயாணப் பைக்குள் வைக்கப் போனாள்.

“அது அங்கை கல்லாப் போயிடுமெல்லே,” என்றான் குலேந்திரன்.

யோகாம்பாள் பையை விட்டாள். கதிரையின் முதுகில் தொங்கிய அவனுடைய யக்கற்றை எடுத்து, அதன் உள் பைக்குள் போத்தலைத் தள்ளி, மேலே இரண்டு தரம் தட்டினாள்.

“இஞ்சை வையுங்கோ, நெஞ்சோட. இஞ்சை உறையாது எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியுந்தானே.”